மருத்துநீருக்குப் பிடுங்கிய செடி

சித்திரை வருடப்பிறப்பில் யார் என் தலையில் மருத்துநீர் வைத்தாலும் எனக்கு ஒரு காட்டின் ஓரம்தான் நினைவுக்கு வரும். மூலிகைகளை அவித்து வடித்த அந்த நீரைத் தலையில் தடவிக் குளித்தால் பழைய வருடத்துத் தோஷமெல்லாம் போய்விடும் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. என்னுடையது இன்னும் போகவில்லை.

எண்பதுகளின் கடைசியில் நாங்கள் லண்டனில், எட்மண்டன் பக்கம் இருந்தோம். பக்கத்து வீட்டுக்காரி வெள்ளைக்காரி. என் வயதுதான், ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. அவள் சேர்ச்சுக்குப் போவதில்லை. வெயிலும் மழையும் மண்ணும்தான் அவளுக்குச் சாமி. ஏப்ரல் கடைசி நாள் பின்னேரம் அவளுடைய பின்தோட்டத்தில் ஐந்தாறு பெண்கள் கூடி, சிறு நெருப்பு மூட்டிக் கோடையை வரவேற்பார்கள். காட்டில் பறித்த இலைகளில் சூப் இருக்கும். அதைவிட முக்கியம், வூட்ரஃப் என்ற செடியை ஊறவைத்த வெள்ளை வைன். அந்தச் செடி இல்லாவிட்டால் அவளுக்கு அது பால் இல்லாத பொங்கல்.

ஒரு வருடம் ஏப்ரல் தொடக்கத்தில் என்னையும் காரில் ஒரு காட்டோரத்துக்குக் கூட்டிப்போனாள். பெரிய மரமொன்றின் கீழே, ஒரு பாய் விரிக்கும் அளவு இடத்தில் அந்தச் செடி படர்ந்திருந்தது. தண்டைச் சுற்றி வட்டமாய்ச் சின்னச் சின்ன இலைகள். வாடினால் புது வைக்கோல் மணக்கும் என்றாள்.

"இந்த இடம் எனக்கும் என் சிநேகிதிக்கும் மட்டும்தான் தெரியும். இனி உனக்கும் தெரியும்," என்றாள். அந்தச் சிநேகிதி அதே சமையலறையில் அவளோடு இருபது வருடமாக வேலை செய்தவள்; வீட்டுக்கு வந்துபோகையில் எனக்கும் முகம் தெரியும். பூக்கத் தொடங்கும்போதுதான் வெட்டவேண்டும், மூன்று தண்டுக்கு ஒன்று, கத்தரிக்கோலால், வேரைத் தொடவே கூடாது என்று சட்டம் சொன்னாள். மணந்து பார்க்க ஒரு இலை பறிக்கச் சொன்னபோது நான் ஊரில் மூலிகை பறித்த பழக்கதோஷத்தில் செடியைத் தொட்டு, "மன்னிச்சுக்கொள்," என்று சொல்லிவிட்டுப் பறித்தேன். அதற்கு என்ன பொருள் என்று கேட்டாள். சொன்னதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தச் சொல்லை நாலைந்து தரம் சொல்லிப் பழகினாள்.

வருடப்பிறப்பு நெருங்கியது. "இந்த முறை மருத்துநீர் நான் காய்ச்சிறன்," என்று அக்கம்பக்கத்துத் தமிழ் வீடுகளுக்கெல்லாம் பெரிதாய்ச் சொல்லிவைத்திருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வரவேண்டிய மூலிகைப் பார்சல் சண்டையால் வரவில்லை. மஞ்சள், சுக்கு, மிளகை அப்டன் பார்க்கில் எங்கள் ஆட்களின் கடைகளில் வாங்கலாம். பச்சை மூலிகைக்கு எங்கே போவது? வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

வருடப்பிறப்புக்கு முதல்நாள் காலை தனியாகப் பஸ் எடுத்துக் காட்டுக்குப் போனேன். குந்தியிருந்து, செடியைத் தொட்டு, முறைப்படி மன்னிப்புக் கேட்டேன். பிறகு பிடுங்கினேன். மருந்துக்கு வேரும் வேண்டும் என்பதுதான் எனக்குத் தெரிந்த வைத்தியம். செடியிடம் கேட்டாயிற்று, காடு பொதுவானது, வேறு யாரைக் கேட்பது என்று நினைத்தேன். நூல் போன்ற வேர்கள் இழுத்த இழுப்புக்கு வந்தன. இரண்டு பை நிறைந்தபோது மரத்தடியில் வெறும் மண் கிடந்தது.

வீட்டில் கணவர் பைகளைத் திறந்து பார்த்தார். "எல்லாத்தையுமே பிடுங்கிக்கொண்டு வந்தனீர்? கொஞ்சம் விட்டிருக்கலாமே."

"இஞ்சருங்கோ, காட்டுச் செடிதானே. திரும்ப முளைக்கும்."

மருத்துநீர் நன்றாகவே வந்தது. "அக்கா, ஊர் மணமா இருக்கு. மூலிகை எங்கால எடுத்தனீங்கள்?" என்று ஒருத்தி கேட்டாள். "ஊரிலயிருந்து ஒராள் கொண்டுவந்து தந்தவர்," என்று நாக்கூசாமல் சொன்னேன். அன்றைக்கு என்னைப் பிடிக்க ஆளில்லை.

இரண்டு கிழமை கழித்துப் பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டினாள். முகம் செத்துப்போயிருந்தது. "யாரோ வேரோடு பிடுங்கிவிட்டார்கள். ஒரு தண்டுகூட இல்லை," என்றாள். நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவளே, "அவள்தான். சந்தையில் விற்கலாம் என்று போன வருடம் பகிடியாகச் சொன்னாள். வேறு யாருக்கு அந்த இடம் தெரியும்?" என்றாள்.

"எனக்கும் தெரியும்," என்றேன். அவ்வளவுதான் வாயிலிருந்து வந்தது.

"நீயா? செடியிடம் மன்னிப்புக் கேட்கிறவள் செய்கிற வேலையா இது?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் கையை விடுவித்துக்கொண்டு போய்த் தேத்தண்ணி போட்டேன். சீனி எத்தனை கரண்டி என்று, எனக்குத் தெரிந்ததையே கேட்டேன். கோழை என்றால் நான்தான்.

அந்த வருட நெருப்புக்குச் சிநேகிதி வரவில்லை. அவளுடைய கதிரையில் என்னை உட்காரவைத்தார்கள். அதற்குப் பிறகு அந்த இரண்டு பேரும் ஒரே சமையலறையில், ஒரே அடுப்படியில், பேச்சில்லாமல் வேலை செய்தார்கள். ஒவ்வொரு ஏப்ரலும் சொல்லிவிடவேண்டும் என்று நினைப்பேன். பிறகு அதே கதிரையில் போய் உட்கார்ந்து சூப் குடிப்பேன். மரத்தடியில் அந்தச் செடி திரும்ப முளைக்கவேயில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் கிங்ஸ்பரிக்கு வீடு மாறினோம். அதற்கு முதல்நாள் பஸ் தரிப்பில் அந்தச் சிநேகிதியைக் கண்டேன். தலை குனிந்துகொண்டு விலகப் பார்த்தேன். அவளே பக்கத்தில் வந்தாள்.

"நீதான் என்று அன்றைக்கே தெரியும்," என்றாள், கோபமில்லாமல். "உன்னைக் கூட்டிப்போனதை அவளே எனக்குச் சொல்லியிருந்தாள். மூன்று பேருக்குத்தான் அந்த இடம் தெரியும். நான் எடுக்கவில்லை. அவள் எடுக்கவில்லை."

"ஏன் அவளிடம் சொல்லவில்லை?"

"சொன்னால் உன்னையும் விட்டுவிடுவாள். அவளுக்கு யாராவது ஒருத்தி இருக்கட்டும் என்று பேசாமல் இருந்தேன். இப்போது நீயும் போகிறாயாம்." பஸ் வந்தது, ஏறிப்போய்விட்டாள்.

அன்று பின்னேரம் பக்கத்து வீட்டுக்காரி பெட்டி கட்ட உதவிக்கு வந்தாள். யன்னலோரம் இருந்த என் கறிவேப்பிலைச் சட்டியை அவளே வைத்துக்கொள்ளட்டும் என்றேன். அவள் குனிந்து, இலையைத் தொட்டு, அரைகுறைத் தமிழில் "மன்னிச்சுக்கொள்" என்று சொல்லிவிட்டுத்தான் சட்டியைத் தூக்கினாள். நான் அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டேன். அதே சொல்லை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.