அவள் டப்பாவில் என் மாத்திரை

என் மனைவிக்கு மார்பில் புற்றுநோய் வந்து, ஆபரேஷன் முடிந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவள் சாப்பிட வேண்டிய மாத்திரைகளை ஞாயிற்றுக்கிழமைதோறும் டப்பாவில் பிரித்துப் போடுவது என் வேலை. பத்திரப்பதிவு ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எதையும் அடுக்கி வைத்தால்தான் எனக்கு நிம்மதி.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனை. அதற்கு முந்தின வாரம் எனக்குச் சோறு இறங்காது. அப்படி ஒரு தடவை ஆஸ்பத்திரி பெஞ்சில் காத்திருந்தபோது, பக்கத்தில் இருந்த நாங்குநேரிக்காரர் தன் செல்போனுக்கு வந்த செய்தியைக் காட்டினார். கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குப் புற்றுநோய் திரும்ப வருவது குறைவாம்.

"நெசமாத்தான் இருக்கும் அண்ணாச்சி. படிச்சவங்க சொல்லுதாங்கல்லா" என்றார்.

எனக்கு இதயத்தில் அடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்த நாளிலிருந்து தினமும் அந்த மாத்திரைதான். மருந்து என் வீட்டு அலமாரியிலேயே இருந்திருக்கிறது, மடையன் எனக்குத்தான் தெரியவில்லை.

டாக்டரிடம் கேட்டிருக்கலாம். வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். கூடுதலாக வாங்கப் போனால் தச்சநல்லூர் மருந்துக்கடை அண்ணாச்சி சீட்டைக் கேட்பார். அதனால் என்னுடையதை எடுத்து அவள் டப்பாவில் போட்டேன்.

"இது என்ன புதுசா இருக்கு?" என்று கேட்டாள்.

"சத்து மாத்திரை" என்றேன். நம்பி விழுங்கினாள்.

இரண்டாவது மாதம் அவளுக்குத் தொடை வலி எடுத்தது. பிறகு படி ஏற முடியவில்லை. ஒரு காலையில் தோசைக் கரண்டியும் கையுமாக நின்றபடி, "எலும்புக்குப் போயிருக்குமோ?" என்றாள். அதுவரை அந்த நோயைப் பற்றி அவள் வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்டதில்லை. "சும்மா கெட, நடந்த வலிதான்" என்று எரிந்து விழுந்தேன். பயம் வந்தால் எனக்குக் கோபம்தான் முன்னால் வரும்.

தசைவலி வந்தால் உடனே சொல்ல வேண்டும் என்று இதய டாக்டர் அந்த மாத்திரையை எழுதித் தரும்போதே எச்சரித்திருந்தார். அது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் காலை நான்தான் கெடுத்தேனா, இல்லை நோய்தான் பரவிவிட்டதா? ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், பஸ் ஆற்றுப் பாலத்தில் ஏறியபோது வேண்டிக்கொண்டேன். கடவுளே, என் தப்பாகவே இருக்கட்டும்.

புற்றுநோய் டாக்டர் ஸ்கேனுக்குச் சீட்டு எழுதிக்கொண்டே, "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறாங்களா?" என்று கேட்டார்.

"ஒரு சத்து மாத்திரை" என்றாள் அவள்.

எப்படியோ எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அதப் பத்தி ஆராய்ச்சி நடக்குது. இன்னும் ஒண்ணும் முடிவாகல. யாரக் கேட்டுக் கொடுத்தீங்க? இன்னைக்கே நிறுத்துங்க. ரத்தமும் பாப்போம், ஸ்கேனும் எடுப்போம். வலி அந்த மாத்திரையாலயும் வந்திருக்கலாம், வேற எதனாலயும் இருக்கலாம். இப்ப என்னால சொல்ல முடியாது."

அவள் திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"அப்போ இந்த ரெண்டு மாசமா நீங்க எந்த மாத்திரையச் சாப்பிட்டிய?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் சாப்பிடல" என்றேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. ஸ்கேன் சீட்டைத் தொடாமல் டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"சார், மொதல்ல இவுக நெஞ்சப் பாருங்க. என் காலு கெடக்கட்டும்."