மீசையும் இரண்டு தூண்டில் ரீல்களும்

என் கணவருக்கு இரண்டு விஷயங்களில் கர்வம் உண்டு. ஒன்று அவருடைய மீசை. மற்றொன்று, எந்தச் சரக்கையும் பார்த்த மாத்திரத்தில் விலை சொல்லிவிடும் கண். போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்தவர்கள் எல்லோருமே கொஞ்சம் கர்வக்காரர்கள்தான், இவருக்கு அது ஒரு படி கூடுதல். ஒரு கை காயை அள்ளி, நிறம் பார்த்து, காதருகே வைத்துக் குலுக்கி, எந்த மலைச் சரக்கு, என்ன விலை போகும் என்று சொல்வார். பெரும்பாலும் சரியாக இருக்கும். கணக்குத் தப்பிப்போனால் குற்றம் ஏலக்காயின் மேல்தான்.

ஐம்பதுகளில் மலைமேல் இருந்த வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராகத் தோட்டத்தை விற்றுவிட்டுக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். போடிமெட்டுக்கு மேலே ஒரு பங்களாவில் தட்டுமுட்டுச் சாமான்களை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, தராசு வாங்குவதற்காக இவர் போனார். தராசு இல்லாமல் ஒரு தகரப் பெட்டியோடு திரும்பி வந்தார். பெட்டிக்குள் பூச்சி அரித்த கம்பளிக் காலுறைகள், இறகு கட்டிய தூண்டில் முட்கள், பித்தளையில் செய்த இரண்டு சக்கரங்கள். இரண்டும் கருத்துக் கிடந்தன. பெரியது உள்ளங்கை அகலம். சின்னது குங்குமச் சிமிழைவிடக் கொஞ்சம் பெரிது. ஒவ்வொன்றிலும் சுற்றுவதற்கு ஒரு சின்னக் கைப்பிடி இருந்தது.

இவர் பெரியதை எடுத்துக் காதருகே வைத்துக் குலுக்கினார். "தையல் மிசின் சாமான்" என்றார்.

என் அண்ணன் பக்கத்தில்தான் இருந்தார். தோட்டத்து ஆட்களை மலைக்கு ஏற்றிப்போகும் ஜீப்பு ஒன்று அவருக்கு இருந்தது. அதனால் மலைமேல் நடப்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

"தையல் மிசினும் இல்ல, ஒண்ணும் இல்ல மாப்ளே. இது தூண்டில் ரீலு. மேல ஓடையில துரைமாரு மீன் பிடிக்கிறது. நூலை இதுலதான் சுத்தி வைப்பாங்க. இந்த எறகுதான் ஈ. நெசமான ஈன்னு நெனச்சு மீன் வந்து கவ்வும்."

"பொய் ஈயைக் காட்டியா மீனைப் பிடிக்கிறாங்க? அப்ப நம்மளை ஏமாத்துனதுல ஆச்சரியமே இல்ல மச்சான்" என்றார் இவர்.

பெரியது பெட்டிக்குள் போயிற்று. சின்னதை நான் எடுத்துக்கொண்டேன். பூக்கட்டும் நூலைச் சுற்றி வைக்க அதைவிட வசதியான சாமானை நான் கண்டதில்லை. கைப்பிடியைத் திருப்பினால் உள்ளே இருந்த பல்சக்கரம் 'டிக் டிக் டிக்' என்று சத்தம் போடும். முதல் நாள் அந்தச் சத்தம் கேட்டதும் கூடத்தில் இருந்த என் மாமியார் தரையில் விரலால் தட்டி, "பல்லி சொல்லுது" என்றார்.

பல்லி சொன்னால் எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது. பேசிக்கொண்டிருக்கும்போது பல்லி கத்தினால் அந்தப் பேச்சு பலிக்கும் என்பது மாமியாரின் நம்பிக்கை. என் கையில் இப்போது ஒரு பல்லி இருந்தது. நான் அதை அளவோடுதான் பயன்படுத்தினேன். "குரங்கணித் திருவிழாவுக்குப் போனா என்ன?" என்று இவர் கேட்டபோது ஒரு தடவை. "இந்தத் தீபாவளிக்கு மருமகளுக்குப் பட்டு வேணுமா?" என்று மாமியார் யோசித்தபோது ஒரு தடவை, கொஞ்சம் நீளமாக. அந்த வருடம் எங்கள் வீட்டுப் பல்லி என் பக்கமே இருந்தது.

ஒரு நாள் அண்ணன் ஒரு செய்தி கொண்டுவந்தார். போடிமெட்டுக்கு அந்தப்புறம் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் கிழட்டுத் துரை ஒருவர் பழைய தூண்டில் ரீல்களைத் தேடித் தேடி வாங்குகிறாராம். பெட்டி விஷயத்தை அண்ணன் சொன்னதும், அடுத்த வாரமே இறங்கி வருகிறேன் என்றாராம்.

"பெருசுக்குத்தான் வெலை. சின்னது அதுக்குக் கொசுறு" என்றார் இவர்.

மாப்பிள்ளை எதைச் சொன்னாலும் அதற்கு எதிர்ச்சொல் சொல்வது மச்சினனின் உரிமை. அண்ணன் அந்த உரிமையை ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை.

"எனக்கென்னமோ சின்னதுதான் போகும்னு தோணுது மாப்ளே."

"பெருசுக்குக் குடுக்கிறதைவிடச் சின்னதுக்கு அந்தத் துரை ஒரு ரூவா கூடக் குடுத்தாலும் என் மீசையை எடுத்துர்றேன்."

நான் உள்ளே பூக் கட்டிக்கொண்டிருந்தேன். கை தானாகக் கைப்பிடியைத் திருப்பியது. மாமியார் தரையைத் தட்டினார். "பல்லியே சொல்லிருச்சுப்பா, இனி மாத்த முடியாது" என்றார். பந்தயம் உறுதியாயிற்று.

துரை வருவதற்கு முதல் நாள் இவர் பெரிய ரீலோடு கிணற்றடியில் உட்கார்ந்தார். ஏலக்காயைச் சும்மா யாரும் சந்தைக்குக் கொண்டுபோவதில்லை. கூடையில் போட்டுத் தேய்த்து, காம்பும் சருகும் போக்கி, புடைத்துப் பொறுக்கித்தான் கொண்டுபோவார்கள். அழுக்குச் சரக்கை வாங்குகிறவன் முன்னால் வைப்பது இவருக்கு மானப் பிரச்சினை. புளி போட்டுத் தேய்த்தார். போதவில்லை என்று செங்கல் பொடி போட்டுத் தேய்த்தார். மாமியார் தன் பங்குக்குச் சாம்பல் கொடுத்தார். சாயங்காலம் அது வெள்ளிக்கிழமைக் குத்துவிளக்கு மாதிரி ஜொலித்தது.

"அந்தச் சின்னதையும் கொண்டா, ரெண்டு தேய் தேச்சுர்றேன்" என்றார்.

"நூல் சுத்தியிருக்கு. பூவு பாதியில நிக்குது" என்றேன். பந்தயத்தில் எதிரிச் சரக்கு அழுக்காக இருப்பதும் நல்லதுதான் என்று நினைத்தாரோ என்னவோ, விட்டுவிட்டார்.

மறுநாள் அண்ணனின் ஜீப்பில் துரை வந்து இறங்கினார். மலையிலேயே பிறந்தவர், தமிழை முழுக்கத் தன்னை வளர்த்த ஆயாவிடம் கற்றவர். அதனால் ஆறடி உயரத்து மனிதர் ஒருவர் கொழுந்து கிள்ளும் பெண்கள் மாதிரிப் பேசினார். நான் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றேன்.

இவர் பெரிய ரீலைப் புதுத் துண்டில் பொதிந்து எடுத்து வந்து, துண்டை விலக்கினார்.

"ஆத்தாடி" என்றார் துரை. "இதை யாரு தாயி புளி போட்டு வெளக்குனது?"

"நான்தாங்க" என்றார் இவர், மீசையை நீவியபடி.

துரை பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் வாடியது. பிறகு எங்களுக்குப் புரிகிற மாதிரி விளக்கினார். இந்த ரீல்கள் கருப்பாக இருந்தது அழுக்கினால் அல்ல. வெயிலில் பளிச்சென்று மின்னினால் மீன் பயந்து ஓடிவிடும் என்று, செய்தவனே பூசிய கருநிறம் அது. அந்தப் பூச்சு அப்படியே இருக்கிறதா, திருகாணிகளின் தலை சிதையாமல் இருக்கிறதா, செய்தவன் பொறித்த பெயர் தெளிவாக இருக்கிறதா, கைப்பிடிக் குமிழ் தந்தமா கொம்பா, இவற்றைப் பார்த்துத்தான் விலை வைப்பார்கள். பெரியதில் பூச்சும் போய்விட்டது, செங்கல் பொடி பட்டுப் பெயரும் பாதி அழிந்துவிட்டது.

"நேத்து இதைக் கண்டிருந்தா, சின்ன ரீலு பத்துக்குக் குடுக்கிற காசை இது ஒண்ணுக்கே குடுத்திருப்பேன். இன்னைக்கு இது காயிதம் பறக்காம வைக்கிற கனம்தான்" என்றார்.

ஏலக்காயின் பச்சை நிறம் கொஞ்சம் வெளுத்தாலே விலை விழும் என்று ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்த மனிதர் இவர். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. சிரிப்பும் வந்தது. சிரிப்புதான் அதிகம்.

அண்ணன், "சின்னதை எடுத்துட்டு வா தங்கச்சி" என்றார். நூலோடு கொண்டுவந்து கொடுத்தேன். துரை நூலை மெதுவாகப் பிரித்தார், கண்ணாடி வைத்துப் பெயரைப் படித்தார், குமிழைத் தடவினார். கடைசியாகக் காதருகே வைத்துக் கைப்பிடியைச் சுற்றினார்.

டிக் டிக் டிக்.

மாமியார் பழக்கத்தில் தரையைத் தட்டிவிட்டு அண்ணாந்து உத்தரத்தைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. துரை மறுபடியும் சுற்றினார். மாமியாரின் பார்வை உத்தரத்திலிருந்து இறங்கி, துரையின் கைக்கு வந்து, அங்கிருந்து என்னிடம் வந்து நின்றது. பட்டுச்சேலை, குரங்கணி எல்லாம் அந்தக் கண்ணில் வரிசையாகப் போயின.

துரை சின்னதற்கு நல்ல விலை சொன்னார். பெரியதைச் சும்மா கொடுத்தால் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். அண்ணன் மாப்பிள்ளையின் மீசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இவர் வியாபாரி அல்லவா, கடைசி நேரத்தில் ஒரு வழி கண்டுபிடித்தார். "கை மாறுனாத்தான் மச்சான் வெலை. விக்காத சரக்குக்கு வெலை ஏது? அந்தச் சின்னது இவளோடது. இவ குடுக்க மாட்டா. பூ நூல் சுத்தணும்ல?" என்றவர் என்னைப் பார்த்தார். அப்படி ஒரு கெஞ்சலை அந்த முகத்தில் நான் அதுவரை கண்டதில்லை.

என் ஒரு சொல்லில் மீசை நின்றது. நானும் யோசித்தேன். பல்லி செத்துப்போயிற்று, இனி அந்த ரீலால் எனக்குப் பிரயோசனம் இல்லை. அதோடு, கல்யாணமாகி இத்தனை நாளாகியும் என் கணவரின் மேலுதடு எப்படி இருக்கும் என்று நான் பார்த்ததே கிடையாது.

"எடுத்துக்கிருங்க துரை" என்றேன்.

என் கணவர் சொன்ன சொல் தவறாத மனிதர். அன்றைக்கே கடைத்தெருவுக்குப் போய் மீசையை எடுத்துவிட்டு, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் வந்தார். கண்ணாடி முன்னால் நின்று துண்டை விலக்கினார். மீசை இருந்த இடம் வெளுத்துக் கிடந்தது. நடுவில் சின்ன வயதில் கீழே விழுந்ததில் ஏற்பட்ட தழும்பு ஒன்று. அதை மறைக்கத்தான் இத்தனை மீசையும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. விற்றிருக்க வேண்டாமோ என்று ஒரு நிமிடம் மனம் அடித்துக்கொண்டது.

அவர் கண்ணாடியிலேயே என்னைப் பார்த்தார். "துரை சொன்னது சரிதான்த்தா. பழைய சாமானைச் சுத்தம் பண்ணுனா மதிப்புப் போயிருது" என்றார்.

நான் கிட்டே போய் அந்தத் தழும்பைத் தொட்டுப் பார்த்தேன்.

"போனாப் போகட்டும். இதை நான் விக்கப்போறது இல்ல" என்றேன்.