கதவுக்கு வெளியே பேசுகிறவர்

அந்த லிஃப்ட் மெக்கானிக்குக்கு வேலையிடத்தில் ‘ரேடியோ’ என்று பட்டப்பெயர். லிஃப்ட் நடுவழியில் நின்று உள்ளே ஆள் மாட்டிக்கொண்டால், ஒருவர் மொட்டைமாடி மெஷின் அறையில் சக்கரத்தைக் கையால் சுற்றி இறக்குவார். இன்னொருவர் கதவருகே நின்று உள்ளே இருப்பவரிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பேச்சு நின்றால் பயம் வரும். பயந்தவர் கதவை நெம்புவார். பேசுகிற வேலை எப்போதும் இவருக்குத்தான். உள்ளே அழுதுகொண்டிருந்த ஒரு வக்கீலைச் சிரிக்க வைத்து வெளியே கொண்டுவந்தவர்.

கூட வேலை செய்கிறவர்கள் அப்படிக் கூப்பிட்டதைக் கேட்டபோது, கிண்டலுக்கு வைத்த பெயர் என்றே அவருடைய மனைவி நினைத்துக்கொண்டாள்.

வீட்டில் அவர் பேசுவதில்லை, சரிசெய்வார். குழாய் ஒழுகுகிறது என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் ஸ்பேனரோடு நிற்பார். மனசு சரியில்லை என்றாலும் அதே வேகம்தான். அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பில் போடுகிறவள். பக்கத்து நாற்காலித் தோழி வேலையை விட்டுப் போனதும், புது மேலாளர் அவள் மேசையைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டுவிட்டார். அன்று அவள் அதைச் சொல்லிக் கண்கலங்கினாள். மறுநாளே இவர் போய், பின்னால் வருகிறவர்கள் தெரியும்படி சுவரில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை மாட்டினார்.

“இப்ப தெரியுதுல்ல?”

“தெரியுது,” என்றாள்.

அதற்குப் பிறகு கேஸ் தீர்ந்தது, சாவி எங்கே என்பதைத் தவிர அவள் வாயைத் திறக்கவில்லை. எந்த இடத்தில் பழுது என்று அவருக்குப் பிடிபடவில்லை. இப்படியே காலம் போய்விடுமோ என்ற பயம் மட்டும் வந்தது. பயம் வந்ததால் அவர் கதவுக் கீல்களுக்கு எண்ணெய் போட்டார்.

ஒரு நாள் அவள் வேலை செய்கிற கட்டடத்திலிருந்தே அழைப்பு. மூன்றாம் மாடிக்குச் சற்று மேலே லிஃப்ட் நின்றிருந்தது. கூட்டாளி ‘தாடி’ மெஷின் அறைக்குப் போனார். இவர் மூன்றாம் மாடிக் கதவைத் தட்டினார்.

“பயப்படாதீங்க, கயிறு அறுந்துபோகாது. காத்தும் வரும். உள்ள யாருங்க?”

“நான்தான்.”

மனைவியின் குரல்.

“ஓ. சரி, கதவத் தொடாத,” என்றவர் போனை எடுத்துத் தாடியைக் கூப்பிட்டார்.

“அவ்ளோதானா?” என்றது குரல். “வேற யாராவதா இருந்தா வாய் மூடாம பேசுவீங்கன்னு வாட்ச்மேன் சொல்றாரே?”

அவர் போனை இறக்கினார். மற்றவர்களிடம் என்ன வேலை, வீட்டில் யார் யார் என்று ஆரம்பிப்பார். இவளிடம் அதையெல்லாம் கேட்க என்ன இருக்கிறது? எல்லாம் தெரிந்ததுதானே. வேறு வழி தெரியாததால் வழக்கமான கேள்வியையே கேட்டார்.

“எங்க வேலை பாக்கறீங்க?”

உள்ளே சாப்பாட்டு டப்பாவைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

“நாலாவது மாடில. சொவத்தப் பாத்து உக்காத்தி வச்சிருக்காங்க. எங்க வீட்டுக்காரர் ஒரு கண்ணாடி மாட்டிவிட்டார்.”

“அப்புறம்?”

“நாள் பூரா அதுல என் மூஞ்சிதான் தெரியுது. அழுதா அழறது தெரியுது.”

கண்ணாடியைக் கொஞ்சம் சாய்த்து மாட்டினால் போதும் என்ற யோசனை அவருக்கு நுனிநாக்குவரை வந்தது. கஷ்டப்பட்டு விழுங்கினார்.

“அப்புறம்?” என்றார்.

தோழி போன பிறகு யாரோடும் சாப்பிடப் பிடிக்கவில்லை, டப்பாவை மூடியபடியே கொண்டுவந்துவிடுகிறேன் என்றாள். தினமும் அந்த டப்பாவைக் கழுவுகிறவர் இவர்தான். அது ஏன் கனமாக இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

போனில் தாடி கத்தினார்: “என்னய்யா, சுத்தட்டுமா வேணாமா?”

“இரு. அவங்க பேசிட்டிருக்காங்க.”

படியேறி வந்த காவலாளி, “எவ்ளோ நேரம் ஆகும்பா?” என்றார்.

“உள்ள இருக்கறவங்களக் கேட்டுச் சொல்றேன்.”

“கொஞ்சம் ஆகும்,” என்றது உள்ளிருந்து குரல்.

அன்று மாலை வீட்டில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஒரு வார்த்தை வரவில்லை. ஒரே நாளில் மனிதர் மாறிவிடுவார் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். அவள் எழுந்து படுக்கையறைக்குப் போனாள். இவர் சற்று யோசித்தார். பின்னாலேயே போய்க் கதவை வெளியிலிருந்து சாத்திவிட்டு, தரையில் உட்கார்ந்து தட்டினார்.

“உள்ள யாருங்க?”

“பைத்தியமா உங்களுக்கு?”

அவர் அசையவில்லை. கதவுக்கு அந்தப் பக்கமும் யாரோ தரையில் உட்காரும் சத்தம் கேட்டது.