கிரீஸ் காணாத டை ராடு

டிராக்டரில் கட்டி இழுத்து வந்த ஜீப் எங்கள் ஒர்க்‌ஷாப்பை அடைவதற்கு முன்பே அதன் சொந்தக்காரரான மிராசுதார் வந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஹெட் கான்ஸ்டபிள். வாசலில், நெற்றியில் கட்டுடன் டிரைவர் சின்னய்யன்.

நான் மன்னார்குடியில் மெக்கானிக்காக இருந்த காலம். கூலி உயர்வு கேட்டு விவசாயத் தொழிலாளர்கள் அறுவடையை நிறுத்தியிருந்தார்கள். சின்னய்யனின் தம்பி சங்கத்தில் இருந்தான். எனவே ஜீப் வாய்க்காலில் கவிழ்ந்ததன் காரணம், குனிந்து பார்க்காமலே மிராசுதாருக்குத் தெரிந்துவிட்டது.

"நட்டைக் கழட்டி விட்டிருக்கானுங்க. அண்ணனும் தம்பியும் சேந்து செஞ்ச வேலை. ஏட்டய்யாகிட்ட நீ ஒரு வார்த்தை சொல்லு, இவனை உள்ள தள்ளிடலாம்."

"பாத்துட்டுச் சொல்றேங்க."

"பாக்க என்னப்பா இருக்கு?"

ஜீப் வந்து சேர்ந்ததும் அடியில் படுத்துப் பார்த்தேன். முன்சக்கரங்களை இணைக்கும் டை ராடு ஒரு முனையில் தொங்கியது. நட்டும் அதைப் பூட்டும் ஸ்பிளிட் பின்னும் அப்படியே இருந்தன. அந்த முனையிலுள்ள பால் ஜாயின்ட்டின் குண்டுதான் தேய்ந்து, கிண்ணத்தை விட்டு வெளியே வந்திருந்தது. கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் நாற்று நடும் அளவுக்கு வயல் சேறு. ஆட்சி மாறிய வாரமே பானெட்டில் கொடியை மாற்றியவர், அடியில் எதையும் மாற்றியதில்லை.

இதைச் சொன்னால் என்னையும் சங்கத்தில் சேர்த்துவிடுவார். "உழைச்ச வண்டிங்க," என்றேன். "கடைசியா எப்பங்க கிரீஸ் வச்சது?"

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "வாங்கின நாள்லேருந்து ஒரு பொட்டு வச்சதில்லை. வரப்புன்னும் பாக்காம ஏத்தச் சொல்லுவேன். இவன்தான் ஸ்டியரிங் ஆடுது, ஆடுதுன்னு மாசக்கணக்கா அழுதான். ஆட்டம் உன் கையிலடான்னேன்."

கழற்றிய பால் ஜாயின்ட்டை ஏட்டிடம் நீட்டினேன். சேற்றைச் சுரண்டிப் பார்த்துவிட்டுத் தொப்பியை எடுத்து மாட்டினார்.

"இவனை என்ன பண்றது?" என்றார் மிராசுதார்.

"இவன்தான் முன்கூட்டியே சொல்லிருக்கானேங்க. நான் வரேன்."

ஏட்டு போனதும் மிராசுதார் சின்னய்யனை வேலையை விட்டு நீக்கினார். சின்னய்யன் சாவியை பானெட் மேல் வைத்தார். "வண்டி ரெடியானதும் நீங்களே ஓட்டிட்டுப் போங்கய்யா."

மிராசுதாருக்கு ஓட்டத் தெரியாது. அந்த ஊரில் வேறு யாரும் அவருக்கு ஓட்ட வரவில்லை. புது டை ராடு மாட்டிய ஜீப் அறுவடைப் பேச்சுவார்த்தை முடியும்வரை எங்கள் ஷெட்டிலேயே நின்றது. அவர் பஸ்ஸில் போய் வந்தார்.

நான் கற்றது இதுதான். ஸ்டியரிங் ஆட்டத்தைப் பற்றி, அதைப் பிடிப்பவரிடம் கேட்க வேண்டும். ஓனருக்குப் பெருமை பேச இடம் கொடுத்தால் போதும். மிச்சத்தை அவரே சொல்லிவிடுவார்.