அண்ணன் விழுங்கிய என் மாத்திரை

கார்த்திகை இரண்டாம் ஞாயிறு, என் நாட்குறிப்பில் ஒரே வரி: "காலை, பூதப்பாண்டி. அண்ணன் என் மாத்திரையைப் போட்டுவிட்டான்." அதற்கு மேல் எழுதக் கை ஓடவில்லை.

எனக்கு எப்போதாவது நெஞ்சு படபடக்கும். எக்கோ ஸ்கேன் எடுத்துப் பார்த்து, இதயத்தில் கோளாறு இல்லை, துடிப்புதான் தாளம் தப்புகிறது என்று சொல்லி, படபடப்பு வரும்போது போட ஒரு மாத்திரை தந்திருந்தார்கள். என்னைவிட ஒரு வயது மூத்த அண்ணனுக்கோ, முந்தைய வருடம் மாரடைப்பு வந்து நாகர்கோவிலில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள்.

பூதப்பாண்டியில் அவன் வீட்டில் நான் குளித்துவிட்டு வந்தபோது, பையில் மாத்திரை அட்டையோடு கொடியில் கிடந்த என் சட்டை அவன் கையில் இருந்தது.

"நெஞ்சு கெடந்து அடிச்சு. உனக்க மாத்திரையில ஒண்ணு போட்டேன்."

"அது உனக்கு உள்ளது இல்ல, அண்ணே."

"ஒரு வயித்துல பொறந்தவனுக்கு வேற வேற மருந்தா, லே?"

அண்ணன் பெண்டாட்டி, என் மதினி, சிரித்தாள். "சட்டைய மாத்திப் போடுவிய. மாத்திரைக்கு மட்டும் என்னவாம்?"

கஷாயம் வைத்தால் வீட்டில் எல்லோருக்கும் ஒரு டம்ளர் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் மாத்திரையோடு வந்த தாளை நான் முழுக்கப் படித்திருந்தேன். மாரடைப்பு வந்தவர்கள் அதைப் போடக்கூடாது. மதினி முன்னால் அதைச் சொல்ல வாய் வரவில்லை. பக்கத்து வீட்டுக் காரை வரச் சொல்லி, மூவரும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம்.

"முகூர்த்தத்துக்குப் பிந்துன மாதிரி ஏம்ல வெரட்டுக?" என்று வழியில் அண்ணன் கேலி செய்தான். பிறகு பேச்சு நின்றது. அவன் சட்டை வியர்வையில் ஒட்டிக்கொண்டது. அவன் மணிக்கட்டைப் பிடித்தேன், துடிப்பு எண்ண முடியாத வேகத்தில் ஓடியது.

ஆஸ்பத்திரியில், அவன் துடிப்பைக் காட்டும் திரையில் அகலமான அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. என் மாத்திரை அட்டையைப் பார்த்ததும் டாக்டரம்மா என்னை வெளியே போகச் சொன்னார். நெஞ்சில் மின்சாரம் கொடுத்துத்தான் அவனை மீட்டார்கள். அதுவரை கதவைப் பார்த்தபடி நின்றேன், மதினியின் முகத்தைப் பார்க்கப் பயந்து.

டாக்டரம்மா பிறகு விளக்கினார்: "நல்ல இதயத்துல இந்த மருந்து மின்னோட்டத்தை ஒரே சீராக மெதுவாக்கும். தப்பான துடிப்பு அடங்கிரும். மாரடைப்புத் தழும்பு இருந்தா, அந்த ஓரத்துல ஓட்டம் ஏற்கெனவே மெதுவு. இன்னும் மெதுவானா, தழும்பையே சுத்திச் சுத்தி வர ஆரம்பிச்சிரும். அப்போ துடிப்பு தறிகெட்டு ஓடும்."

அண்ணன் வீடு திரும்பிவிட்டான். எனக்கு அதே மாத்திரைதான், போடலாம் என்கிறார்கள். கையில் எடுத்தாலே பயமாக இருக்கிறது.

அன்று காலை அவன் நெஞ்சு முதலில் அடித்ததே அந்தக் கெட்ட துடிப்பா, அல்லது மாத்திரைக்குப் பின் வந்ததா என்று கேட்டேன். மாத்திரை போடுமுன் எடுத்த ஈசிஜி இல்லாமல் சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. மாத்திரைதான் காரணம் என்பது இன்றுவரை உறுதியாகவில்லை.