கோபுரத்துக்கு நேரே கால்கள்

சுகிர்தா டீச்சரின் வகுப்பு கோமதிநாயகம் அண்ணாச்சியின் பாத்திரக்கடை மாடியில் நடந்தது. ஆட்டம், சிலம்பம், யோகா, கடைசியில் ஐந்து நிமிடம் கண்மூடிப் படுக்கை. வந்த பதினான்கு பெண்களில் பாதிப்பேர் விசைத்தறியில் நின்றே கால் வீங்கியவர்கள். அந்த ஐந்து நிமிடத்துக்காகத்தான் வந்தார்கள். ஒடுக்கமான அறை என்பதால் எல்லோரும் வடக்குச் சன்னலில் தெரியும் கோயில் கோபுரத்தின் பக்கம் கால்நீட்டி, ஒரே வாக்கில்தான் படுக்க முடியும்.

அன்று அவர்கள் படுத்திருந்தபோது அண்ணாச்சி ஏறி வந்தார்.

"கோபுரத்துக்கு நேரா காலை நீட்டிக்கிட்டு கெடக்கீயளே, வெளங்குமா? வேதக்காரிக்கு எடத்த விட்டது என் தப்பு."

"திரும்பிப் படுத்தா தலை வடக்க வருதுன்னு போன வாரம் நீங்கதான அண்ணாச்சி சத்தம் போட்டீய?" என்றார் சுகிர்தா.

"அப்பம் படுக்காதீய. ஆடுங்க, கம்பு சுத்துங்க. நான் ஏன்னு கேக்கமாட்டேன். படுத்தா எடம் கெடையாது."

பள்ளிக்கூட வேலையை விட்டபின், கிறிஸ்தவரான சுகிர்தா ஏழு இடம் கேட்டு அலைந்து, எட்டாவதாகக் கிடைத்த மாடி அது. அவர் பெண்களைப் பார்த்து, "எந்திரிச்சிருவோமா?" என்றார்.

தறிக்குப் போகும் முத்துமாரி கண்ணைத் திறக்கவில்லை. "ஆட்டத்த வேணா விட்டுருவோம் டீச்சர். வீட்டுல படுத்தா ஆளுக்கு ஒண்ணு கேட்டு எழுப்பிருதாவ."

"நீ சும்மா கெட," என்றார் அண்ணாச்சி.

"சும்மாதான் கெடக்கேன்."

யாரோ சிரித்தார்கள். சுகிர்தா சிரிக்கவில்லை.

"இந்த மாசத்தோட காலி பண்ணிருதேன் அண்ணாச்சி. அதுவரைக்கும் இப்படித்தான் படுப்போம். செருப்போட நிக்கீய, வெளிய போய் நில்லுங்க."

பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். "பேச்சுல ரெண்டு நிமிசம் போச்சு. மொதல்லயிருந்து அஞ்சு நிமிசம்."

அண்ணாச்சி படியிறங்கும்வரை காத்திருக்காமல் விளக்கை அணைத்தார்.