செவலையைக் கட்டும் நேரம்

கே.கே. நகரில் வாலாம்பாள் மாமி வீட்டில் பதினோரு வருஷம் குடியிருந்தேன். எனக்கு முன்கோபம் அதிகம். அதற்கு முன்னால் சண்டை போட்டே நாலு வீடு மாறியவன். மாமியிடம் மட்டும் என் பாச்சா பலிக்கவில்லை, அவருக்கு என்னைவிடக் கோபம் அதிகம்.

கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகன் சீதாராமன் பம்பாயில். முன்பக்கம் மாமி, பக்கவாட்டில் நானும் என் மனைவியும். சுவரில் ஆணி அடிக்கக்கூடாது, ஒன்பது மணிக்கு மேல் ரேடியோ கூடாது, வீட்டில் கவுச்சி கூடவே கூடாது. இத்தனை சட்டத்துக்கும் தலையாட்டிவிட்டு எழுபத்தாறில் பின்பக்கப் போர்ஷனுக்கு வந்தார் கருத்தக்கண்ணன். மில்லில் வேலை, திருமங்கலத்துக்கு மேற்கே சொந்த ஊர்.

எல்லாம் பேசி முடித்த பிறகு தலையைச் சொறிந்தார். "ஒண்ணே ஒண்ணும்மா. நாய் ஒண்ணு இருக்கு. அத விட்டுப்புட்டு வர மனசில்ல."

"நாயா? சிவ சிவா! இந்த ஆத்துல அதெல்லாம் நடக்காது."

சரிம்மா என்று கும்பிட்டுவிட்டு அவர் வாசல்வரை போய்விட்டார். போன மாதம்தான் கொல்லையில் மாமியின் வெண்கலப் பானை களவு போயிருந்தது. அந்த ஞாபகம் வந்திருக்க வேண்டும், மாமி கூப்பிட்டார். "ஒரு மாசம் பாக்கறேன். உள்ளே வரப்படாது, என் மேல படப்படாது."

எனக்கு நாயென்றாலே ஆகாது. என்னைக் கேட்கவில்லையே என்று இரண்டு நாள் மாமியிடம் பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

செவலை நிறம், பெயரும் செவலை. வந்த நாலாம் நாள் மாமி அடுக்களையில் மயங்கி விழுந்தார். என் மனைவி மோரைப் புகட்டி விசாரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. மத்தியானம் காக்காய்க்குச் சாதம் வைத்து, அது வந்து எடுத்த பிறகுதான் மாமி சாப்பிடுவார். ராத்திரிப் பலகாரமெல்லாம் கிடையாது, ஒருவேளைச் சாப்பாடுதான். மூன்று நாளாக ஒரு காக்காயும் வரவில்லை. மாமியும் சாப்பிடவில்லை.

கருத்தக்கண்ணனுக்கு முகம் செத்துவிட்டது. "நான் பண்ணுன பாவம்மா. களத்துல நெல்லு காயையில காக்கா எறங்கவிடாம வெரட்டணும்னு குட்டியிலேருந்து பழக்கிவிட்டேன். நெல்லு எது, சாமி சோறு எதுன்னு அதுக்கு என்ன தெரியும்? சாயங்காலம் பஸ்ஸுல ஊருல கொண்டுபோயி விட்டுட்டு வாரேன்."

சனியன் தொலைந்தது என்று நான் சந்தோஷப்பட்டேன். மாமி சுவரில் சாய்ந்தபடி கையை அசைத்தார். "எங்கேயும் விட வேண்டாம். அது அதோட வேலையைத்தான் பண்ணித்து. பதினொன்றரைக்குக் கட்டிப்போடு, காக்கா வந்துட்டுப் போனதும் அவுத்து விடு."

அப்படியே ஏற்பாடானது. கொல்லையில் துணி காயப்போடும் கல்தூண், அதில் ஒரு கயிறு. கருத்தக்கண்ணனின் மனைவி முத்துத்தாய் கட்டுவார். முத்துத்தாய் ஊருக்குப் போன ஒருநாள், வேறு வழியில்லாமல் மாமியே கட்டினார். கட்டிவிட்டுத் தலைக்குக் குளித்தார். நாயைத் தொட்டால் குளிக்காமல் சாதம் வைக்க முடியாதே. மறுநாள் முத்துத்தாய் திரும்பி வந்த பிறகும் மாமியேதான் கட்டினார். ஏற்கெனவே விடிகாலைக் குளியல் உண்டு. குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வருகிற ஊரில் தினம் இரண்டாவது குளியல்.

"என்ன மாமி, நாய்க்காகவா?" என்று சீண்டினேன்.

"வெயில் தாங்கலை" என்றார். மார்கழியிலும் அதே பதில்தான்.

ஏழு வருஷம் இப்படிப் போயிற்று. செவலை தயிர்சாதத்துக்குப் பழகி, ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்க் கறி தின்றுவிட்டு வந்தால் வயிற்றைக் கெடுத்துக்கொண்டது. அதைச் சொல்லிச் சொல்லி மாமி சிரிப்பார். அந்தச் சிரிப்பைக் கேட்கவே நானும் அடிக்கடி அந்தப் பேச்சை எடுப்பேன்.

எண்பத்து மூன்றில், ஒரு நாள் தூக்கத்திலேயே மாமி போய்விட்டார். சீதாராமன் வந்தார். நல்ல மனிதர், ஆனால் சட்டம் போடுவதில் அம்மாவைக் கொண்டிருந்தார். "நீங்க ரெண்டு குடும்பமும் இருக்கலாம். நாய் மட்டும் வேண்டாம். காரியம் முடியறதுக்குள்ள அனுப்பிடுங்கோ."

செவலைக்கு அப்போது பின்னங்கால் சரியாக வராது. ஊரில் நிலத்தை விற்றாகிவிட்டது, அங்கே அதைப் பார்க்க ஆளில்லை. "அது இல்லாம நாங்க இல்ல சார். காலி பண்ணிர்றோம்" என்றார் கருத்தக்கண்ணன். நாயோடு வருகிறவனுக்கு வேறு யார் வீடு கொடுப்பார்கள்? எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. துக்க வீடாயிற்றே என்று அடக்கிக்கொண்டேன்.

பத்தாம் நாள். கொல்லை மதில்மேல் சாதத்தை வைத்துவிட்டு எல்லோரும் தள்ளி நின்றோம். காக்காய் வரவில்லை. செத்தவர்களுக்கு ஏதோ குறை இருந்தால் எடுக்காது என்பார்கள். காசிக்குப் போகிறேன், உன் சங்கிலியைப் பேத்திக்கே போடுகிறேன் என்று சீதாராமன் அம்மாவிடம் வேண்டிக்கொண்டே இருந்தார். வேப்பமரத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு காக்காயும் அசையவில்லை.

அப்போதுதான் கவனித்தேன். மதிலடியில் செவலை படுத்திருந்தது, கட்டப்படாமல். இத்தனை அமளியில் ஒருவருக்கும் ஞாபகமில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அதுவே எழுந்தது. காலை இழுத்து இழுத்துக் கல்தூண்வரை போய், கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தது.

"ஏன் அப்படி உக்காந்திருக்கு?" என்றார் சீதாராமன்.

முத்துத்தாய் அழுதுவிட்டார். "சோத்தப் பாத்திருச்சுல்ல சார். அம்மா வந்து கட்டுவாகன்னு இருக்கு."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, சீதாராமன் போய்க் குனிந்து அந்தக் கயிற்றைக் கட்டினார். முடிச்சுப் போடத் தெரியவில்லை, இரண்டு முறை அவிழ்ந்துவிட்டது. கட்டி முடித்து நிமிர்வதற்குள் மதிலில் காக்காய் இறங்கியிருந்தது.

சீதாராமன் நேரே குளிக்கப் போனார். ஈரத் தலையோடு வெளியே வந்து கருத்தக்கண்ணனைக் கூப்பிட்டார்.

"காக்கா போயாச்சு. அதை அவுத்து விட்டுடுங்கோ. நாளையிலேர்ந்து பதினொன்றரைக்கு மறக்காமக் கட்டுங்கோ."